வாயைத் திறந்து பார்த்திருந்தால்...
வாய்ப்புற்று மருத்துவம் கடந்து வந்த பாதை

நேயர்களே, காது, மூக்கு, தொண்டை மருத்துவமும் தலை, கழுத்து அறுவை சிகிச்சையும் எவ்வளவு தூரம் வளர்ந்திருக்கின்றன என்பதைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். செவித்திறன் இழந்த குழந்தைக்கு உட்காதில் கருவி பொருத்திக் கேட்க வைக்கிறார்கள். மூக்குத் துவாரத்தின் வழியாகவே சென்று மூளையின் அடிப்புறத்தில் உள்ள கட்டியை எடுக்கிறார்கள். தொண்டையின் ஆழத்தில் இயந்திரக் கையைச் செலுத்தி அறுவை செய்கிறார்கள். இவற்றில் ஒவ்வொன்றையும் பற்றி ஒரு மணி நேரம் பேசலாம்.

ஆனால் இன்று நான் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஒரு நோயின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன். அது வாய்ப்புற்று நோய். நான் அறுவை நிபுணன் அல்லன். மருத்துவமனை வார்டில் பல ஆண்டுகள் உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த நோயை நான் முதலில் பார்த்தது வார்டில் அல்ல, எங்கள் தோட்டத்து வீட்டில்.

என் அப்பாயியின் இடுப்பில் எப்போதும் ஒரு சுருக்குப்பை இருக்கும். அதில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பி, ஒரு துண்டுப் புகையிலை, சின்னப் பாக்குவெட்டி எல்லாம் இருக்கும். விடியற்காலையில் பிரட்டுக்களத்திற்குப் புறப்படும்போதே ஒரு வாய் போட்டுக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார். பால்மரம் வெட்டி முடியும்வரை அதுதான் அவருக்குத் துணை, பசிக்கும் அதுதான் மருந்து. ஒருநாள் அந்தக் கன்னத்தின் உட்புறத்தில் புண் வந்தது. சுண்ணாம்பு சுட்டுவிட்டது என்றார். தோட்டத்து டிரெஸ்ஸர் தடவிக்கொள்ள ஊதா மருந்து கொடுத்தார். மாதங்கள் கடந்தன. பட்டணத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது கழுத்திலும் கட்டி வந்திருந்தது. அறுக்கும் கட்டம் கடந்துவிட்டது என்றார்கள்.

அவர் வாயைத் திறக்கச் சொல்லி, ஒரு விளக்கைப் பிடித்து, யாரும் முன்பே பார்க்கவில்லை. நாங்களும் பார்க்கவில்லை. பின்னாளில் இந்த மருத்துவத்தின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் இந்த ஒரு குறைதான் என் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஏனெனில், காது, மூக்கு, தொண்டை மருத்துவத்தின் வரலாறு என்பதே பார்ப்பதற்காக மனிதன் பட்ட பாட்டின் வரலாறுதான்.

பார்ப்பதற்குப் பட்ட பாடு

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உயிரோடிருக்கும் மனிதனின் குரல்வளை வேலை செய்வதைத் தெளிவாகப் பார்ப்பது எட்டாத காரியமாக இருந்தது. அதைச் சாதித்துக் காட்டியவர் மருத்துவர் அல்லர், ஒரு பாட்டு வாத்தியார். ஸ்பெயினில் பிறந்து லண்டனில் இசை கற்பித்த மனுவேல் கார்சியா, 1854ஆம் ஆண்டில் பாரிஸ் சென்றிருந்தபோது, பல் மருத்துவரின் சிறு கண்ணாடி ஒன்றைத் தம் தொண்டைக்குள் வைத்து, கையிலிருந்த இன்னொரு கண்ணாடியால் சூரிய ஒளியை அதன்மேல் பாய்ச்சினார். தம் குரல் நாண்கள் திறந்து மூடுவதைத் தம் கண்ணாலேயே கண்டார். மறு ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியில் அதை அறிவித்தார். தொண்டை மருத்துவம் தனித்துறையாக வளர்வதற்கு அந்தச் சிறு கண்ணாடிதான் அடிக்கல்.

அதே 1855ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் ஃபான் டிரோல்ட்ச், நடுவில் துளையிட்ட குழிக் கண்ணாடியைக் கொண்டு காதுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்க்கும் முறையை எடுத்துக்காட்டினார். நெற்றியில் வட்டக் கண்ணாடி கட்டிய மருத்துவரின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அது அந்தக் கண்ணாடியின் வாரிசுதான். 1921இல் சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் கார்ல் நிலேன் என்ற காது மருத்துவர் அறுவை சிகிச்சைக்கு நுண்ணோக்கியைப் பயன்படுத்தினார். கண்ணுக்குத் தெரியாததைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே அறுக்கும் வழி அப்படித்தான் பிறந்தது.

காதுக்குக் கண்ணாடி வேண்டியிருந்தது, குரல்வளைக்குக் கண்ணாடி வேண்டியிருந்தது, நுண்ணிய நரம்புக்கும் எலும்புக்கும் நுண்ணோக்கி வேண்டியிருந்தது. வாய்க்கு மட்டும் இவை எதுவும் தேவையில்லை. திறந்தால் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் வரும் புற்றுநோய்தான் நம்மவர்களிடம் முற்றிய பிறகே கண்டுபிடிக்கப்பட்டு வந்திருக்கிறது. இந்த முரண்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

கத்தியின் முதல் தடைகள்

மயக்க மருந்து இல்லாத காலத்தில் வாயில் அறுவை சிகிச்சை என்பது சித்திரவதையே. 1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் தேதி அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்க மருந்து பலர் முன்னிலையில் வெற்றிகரமாகப் பயன்படுத்தப்பட்டது. அன்று அகற்றப்பட்டது கழுத்துப் பகுதியில் இருந்த ஒரு கட்டி. நவீன அறுவை சிகிச்சையின் பிறந்தநாள் என்று உலகம் கொண்டாடும் அந்த நாள் ஒரு கழுத்து அறுவை சிகிச்சையின் நாள் என்பது பலருக்குத் தெரியாது.

ஆனால் வாய்க்கு மயக்க மருந்து கொடுப்பதில் தனிச் சிக்கல் இருந்தது. முகத்தை மூடித்தான் ஈதர் கொடுக்க வேண்டும். அறுவை நிபுணர் வேலை செய்ய வேண்டிய இடமும் அதுவே. வாயில் வடியும் இரத்தம் மூச்சுக்குழலில் இறங்கினால் நோயாளி பிழைக்க மாட்டார். முதல் உலகப் போரில் முகம் சிதைந்து வந்த போர்வீரர்களுக்கு இங்கிலாந்தின் சிட்கப் மருத்துவமனையில் ஹெரால்ட் கில்லிஸ் என்பவர் அறுவை சிகிச்சை செய்துவந்தார். போர் முடிந்ததும் அங்கு மயக்க மருந்து கொடுக்க வந்த மேகில், ரோபோத்தம் ஆகிய இருவரும் மூச்சுக்குழலுக்குள் குழாய் செலுத்தி அதன் வழியே மயக்க மருந்து கொடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார்கள். அதன் பிறகே வாய்க்குள் அவசரமில்லாமல், பாதுகாப்பாக வேலை செய்ய முடிந்தது.

இரண்டாவது தடை கழுத்து. வாயில் தோன்றும் புற்று முதலில் பரவும் இடம் கழுத்திலுள்ள நிணநீர் முடிச்சுகள். வாய்ப்புண்ணை மட்டும் வெட்டி எடுத்து அனுப்பினால், சில மாதங்களில் கழுத்தில் கட்டியோடு நோயாளி திரும்பி வருவார். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரைச் சேர்ந்த ஜார்ஜ் கிரைல், 1906ஆம் ஆண்டில் 132 அறுவை சிகிச்சைகளின் அனுபவத்தை வெளியிட்டார். கழுத்தின் ஒரு பக்கத்திலுள்ள நிணநீர் முடிச்சுகள் அனைத்தையும் சுற்றியுள்ள திசுக்களோடு ஒரே தொகுதியாக அகற்ற வேண்டும் என்பது அவர் காட்டிய வழி. உயிர்கள் காப்பாற்றப்பட்டன. ஆனால் கழுத்தின் பெரிய தசையும் பெரிய இரத்த நாளமும் தோளை உயர்த்தும் நரம்பும் முடிச்சுகளோடு சேர்ந்தே போயின. பிழைத்தவர்கள் தொங்கிய தோளோடு வாழ்ந்தார்கள்.

நெய்யூர் சொன்ன செய்தி

மேல்நாட்டில் கத்தி இப்படிக் கூர்மையாகிக்கொண்டிருந்த அதே காலத்தில், நோய்க்கான காரணம் நம் முன்னோர்களின் மண்ணில் வெளிப்பட்டுக்கொண்டிருந்தது.

1908ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று, தென் இந்தியாவில் வாய்ப்புற்றுக்குச் செய்யப்பட்ட 209 அறுவை சிகிச்சைகளைப் பற்றி ஃபெல்ஸ் என்ற மருத்துவர் எழுதியது. மற்றொன்று, திருவிதாங்கூரில் பார்த்த 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றிப் பெண்டால் என்பவர் எழுதியது. அந்தக் காலத்தில், ஒரு சிறிய சமஸ்தானத்தில், இத்தனை நோயாளிகள் என்பது சாதாரண எண்ணிக்கை அல்ல.

திருவிதாங்கூரின் தென்கோடியில் இருந்தது நெய்யூர். 1956ஆம் ஆண்டில் அந்தப் பகுதி தமிழ்நாட்டோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயிற்று. அங்கே லண்டன் மிஷன் சங்கத்தார் நடத்திய மருத்துவமனை பெயர் பெற்றது. 1922ஆம் ஆண்டிலும் 1924ஆம் ஆண்டிலும் எவரெஸ்ட் சிகரம் ஏறச் சென்ற குழுக்களில் இருந்த ஹோவர்ட் சாமர்வெல் என்ற அறுவை நிபுணர், லண்டனில் காத்திருந்த வாய்ப்பை விட்டுவிட்டு வந்து பல ஆண்டுகள் தொண்டாற்றியது இந்த நெய்யூரில்தான். அதே மருத்துவமனையைச் சேர்ந்த ஓர் என்ற மருத்துவர், வெற்றிலை பாக்கு மெல்லுபவர்களிடம் காணப்படும் வாய்ப்புற்று பற்றி, அதன் காரணத்தையும் சிகிச்சையையும் ஆராய்ந்து 1933ஆம் ஆண்டில் லான்செட் இதழில் எழுதினார்.

1933ஆம் ஆண்டு என்பதை நினைவில் வையுங்கள். அதற்கு முன்னும் பின்னும் மலாயாத் தோட்டங்களுக்கு நம்மவர்கள் கப்பலேறி வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த மூட்டையில் சுருக்குப்பையும் இருந்தது. அதைப் பற்றி மருத்துவ உலகம் எழுதி வைத்திருந்த எச்சரிக்கை மட்டும் கப்பலேறி வரவில்லை.

பாக்கின் பெயர் தாங்கிய தீவு

வெற்றிலை பாக்கை இந்த நாட்டுக்கு நாம்தான் கொண்டுவந்தோம் என்று எண்ண வேண்டாம். மலாய் மொழியில் பாக்குக்குப் பெயர் பினாங். பினாங்குத் தீவே பாக்கு மரத்தின் பெயரைத் தாங்கியதுதான். பெண் கேட்பதைக் குறிக்கும் மலாய்ச் சொல்லும் அந்தப் பினாங் என்ற சொல்லிலிருந்தே வந்தது. நமக்கு நிச்சயதார்த்தத்தில் தாம்பூலம் மாற்றுவது எப்படியோ, அவர்களுக்குச் சீரே தட்டு அப்படி. இரு சமூகத்தாருக்கும் வெற்றிலை மரியாதையின் அடையாளம்.

மலாய்க்காரர்களிடம் நாளடைவில் இந்தப் பழக்கம் பெரும்பாலும் சடங்கோடு நின்றுவிட்டது. தோட்டப்புறத்து இந்தியர்களிடம், முக்கியமாகப் பெண்களிடம், அது அன்றாடப் பழக்கமாகவே தொடர்ந்தது. அதன் விளைவைக் கணக்கெடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த கே. ராமநாதன். தீபகற்ப மலேசியாவில் வாய்ப்புற்று இனத்துக்கு இனம் எப்படி வேறுபடுகிறது என்பதை ஆராய்ந்து, 1976ஆம் ஆண்டில் அவர் சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து வெளியிட்டார்.

1993, 1994ஆம் ஆண்டுகளில் மலேசியா முழுவதும் 11,000க்கும் மேற்பட்ட பெரியவர்களின் வாய்களைப் பல் மருத்துவ அதிகாரிகள் பரிசோதித்தார்கள். புற்றாக மாறக்கூடிய வாய்ப்புண்களும் திட்டுகளும் இந்தியர்களிடம் 100க்கு 4 பேருக்கு இருந்தன. சபா, சரவாக் பூர்வகுடியினரிடம் 100க்கு 2.5 பேர். சீனர்களிடம் 100க்கு 0.5 பேர். மக்கள்தொகையில் சிறுபான்மையான நாம் இந்தப் பட்டியலில் முதலிடத்தில் நிற்கிறோம். இந்த முதலிடத்தை எண்ணி நாம் வெட்கப்பட வேண்டியதில்லை, விழித்துக்கொள்ள வேண்டும்.

அடையாறு காட்டிய வழி

முற்றிய நோயோடு வருபவர்களைக் கத்தி ஒன்றால் மட்டும் காப்பாற்ற முடியாது என்பதைத் தமிழகமும் உணர்ந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த வேதனையே அவரைப் புற்றுநோய் மருத்துவமனை ஒன்று காண வேண்டும் என்ற உறுதிக்குக் கொண்டுவந்தது. பல ஆண்டு முயற்சிக்குப் பின் 1954ஆம் ஆண்டில் சென்னை அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், மறு ஆண்டில் சேர்ந்து 2021ஆம் ஆண்டில் மறையும்வரை அந்த நிலையத்தையே வீடாகக் கொண்ட டாக்டர் வி. சாந்தாவும் அதை வளர்த்தார்கள்.

அங்கு வந்தவர்களில் பலர் வாய்ப்புற்று முற்றிய ஏழைகள். கதிர்வீச்சோடு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடுமா என்று இவர்கள் இருவரும் வாய்ப்புற்று நோயாளிகளிடம் ஆராய்ந்து 1980ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த பெரிய ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தபோது, தலை, கழுத்துப் புற்றில் கதிர்வீச்சோடு ஒரே காலத்தில் மருந்தையும் கொடுப்பது பயன் தருகிறது என்பது உறுதியாயிற்று.

முகத்தைத் திருப்பிக் கொடுத்தவர்கள்

உயிரைக் காப்பாற்றினால் போதுமா? கன்னத்தில் துளையோடு, தாடையில்லாமல், உமிழ்நீர் வழிய, ஒருவர் எப்படி வீட்டுக்குத் திரும்புவார்? அறுவை சிகிச்சை முடிந்து முகம் பார்க்கும் கண்ணாடியைக் கேட்கும் நோயாளிகளை வார்டில் நான் பார்த்திருக்கிறேன். எடுத்துக் கொடுக்கக் கை வராது.

முகத்தைத் திரும்பக் கட்டும் கலைக்கு இந்தியா தாய்வீடு. சுசுருதர் பெயரால் வழங்கும் பழைய நூலிலேயே மூக்கைச் சீரமைக்கும் முறை உள்ளது. 1794ஆம் ஆண்டில் லண்டனில் வெளிவந்த ஒரு மாத இதழ், காவஸ்ஜி என்ற மாட்டு வண்டிக்காரரின் கதையை அச்சிட்டது. ஆங்கிலேயப் படைக்கு வேலை செய்ததற்காகத் திப்பு சுல்தானின் ஆட்களால் மூக்கு அறுக்கப்பட்டவர் அவர். புனே பகுதியைச் சேர்ந்த ஒரு நாட்டு வைத்தியர் அவருடைய நெற்றித் தோலை இறக்கி மூக்குச் செய்து கொடுத்தார். அதைப் படித்த கார்ப்பூ என்ற லண்டன் அறுவை நிபுணர், 1814ஆம் ஆண்டில் அதே முறையில் அறுவை செய்து வெற்றி கண்டார்.

அந்த நெற்றித் தோல் 150 ஆண்டுகளுக்குப் பிறகு வாய்ப்புற்று நோயாளிக்கும் உதவியது. 1963ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் இயன் மெக்ரிகர், நெற்றித் தோலை மடக்கி வாய்க்குள் கொண்டுவந்து கன்னத்தின் உட்புறத்தை மூடினார். நெற்றியில் பெரிய தழும்பு நின்றுவிடும் என்பது அதன் குறை. 1965இல் அமெரிக்காவின் பகம்ஜியான் மார்பின் மேற்பகுதித் தோலைப் பயன்படுத்தும் வழியைக் காட்டினார். 1979இல் ஆரியன் என்பவர் மார்புத் தசையையே தோலோடு சேர்த்துக் கழுத்து வழியாக மேலே திருப்பிக் கொண்டுவந்தார். ஒரே அறுவை சிகிச்சையில், சிறப்புக் கருவிகள் இல்லாத மருத்துவமனையிலும் செய்யக்கூடிய முறை என்பதால், ஆசிய நாடுகளில் எத்தனையோ ஏழை நோயாளிகளுக்கு இது வரமாக அமைந்தது.

அடுத்த பாய்ச்சலுக்குக் காது மருத்துவர்கள் தொடங்கிவைத்த நுண்ணோக்கி கைகொடுத்தது. உடலின் ஒரு பகுதியை அதன் இரத்த நாளத்தோடு துண்டித்து எடுத்து, வேறிடத்தில் வைத்து, அங்குள்ள நாளத்தோடு தைத்து உயிரூட்டும் முறை வந்தது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவே உள்ள நாளத்தை, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைக்க வேண்டும். சீன மருத்துவர்கள் முன்கைத் தோலை இப்படி எடுத்துப் பயன்படுத்திய அனுபவத்தை 1981ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். 1989ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் டேவிட் ஹிடால்கோ, காலில் உள்ள இரண்டு எலும்புகளில் மெலிந்ததை எடுத்து, தாடையின் வளைவுக்கு ஏற்ப வெட்டிப் பொருத்திக் கீழ்த்தாடை செய்து காட்டினார். உடலின் எடையைத் தாங்குவது காலின் பெரிய எலும்பு என்பதால், மெலிந்த எலும்பை எடுத்த பிறகும் நோயாளி நடக்கலாம். அந்த எலும்பில் பல்லும் பொருத்தலாம். கால் எலும்பால் சோறு மெல்லும் காலம் வந்துவிட்டது.

தொங்கிய தோளுக்கும் விடிவு வந்தது. அர்ஜென்டினாவின் ஓஸ்வால்டோ சுவாரஸ் 1963ஆம் ஆண்டில் தசை, நரம்பு, இரத்த நாளம் மூன்றையும் காப்பாற்றிக்கொண்டு நிணநீர் முடிச்சுகளை மட்டும் அகற்றும் முறையை வெளியிட்டார். இத்தாலியின் பொக்கா அதை ஐரோப்பாவில் பரப்பினார். கழுத்தில் கட்டி தெரியாதவர்களுக்கு முடிச்சுகளை முன்கூட்டியே எடுப்பதா, கட்டி வந்தபின் எடுப்பதா என்ற நெடுநாள் வழக்குக்குத் தீர்ப்பு மும்பையிலிருந்து வந்தது. டாட்டா நினைவு மருத்துவமனையின் அனில் டிகுரூஸ் குழுவினர் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், முன்கூட்டியே எடுத்தவர்களில் 80 விழுக்காட்டினர் மூன்றாண்டு கடந்து உயிரோடிருந்தார்கள். காத்திருந்தவர்களில் அது 67.5 விழுக்காடு. அவர்கள் எல்லாரும் நோயின் தொடக்க நிலையில் வந்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

குற்றவாளி யார்?

இத்தனை வளர்ச்சிக்கு நடுவே, நம் வீட்டுத் திண்ணையில் ஒரு சமாதானம் மட்டும் மாறாமல் இருந்தது. "புகையிலை போட்டால்தான் கெடுதல். வெறும் வெற்றிலை பாக்கு சீரணத்துக்கு நல்லது." இதை நான் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன்.

இந்தச் சமாதானத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1985ஆம் ஆண்டில் கூடிப் பார்த்தபோது, புகையிலை சேர்த்த வெற்றிலைதான் புற்றை உண்டாக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. ஆய்வுகள் பெருகிய பின், 2004ஆம் ஆண்டில் வெளியான அறிக்கையில் புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும், பாக்கு மட்டுமேயும்கூடப் புற்றை உண்டாக்கும் என்று அறிவித்தார்கள். ஆக, முக்கியக் குற்றவாளி வெற்றிலை அன்று, பாக்கு. புகையிலை சேர்ந்தால் ஆபத்து இன்னும் பெருகுகிறது.

பாக்கு இன்னொரு வேலையும் செய்கிறது. அதிலுள்ள அரிக்கோலின் என்ற பொருள் கன்னத்தின் உட்தோலில் நார்த் திசுவைப் பெருக்குகிறது. கன்னம் தோல் வாராகி இறுகுகிறது. வாயைத் திறக்க முடியாமல், காரம் தாங்க முடியாமல் போகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இதைக் கண்டு ஷ்வார்ட்ஸ் என்பவர் 1952ஆம் ஆண்டில் எழுதினார். கடல் கடந்து போன இந்தியர்களோடு பாக்கும் போனது, பாக்கோடு நோயும் போனது என்பதற்கு அது ஒரு சாட்சி. இப்படி இறுகிய வாய் பின்னாளில் புற்றாக மாறும் அபாயம் உண்டு.

விளக்கும் கண்ணும்

இனி, இந்த வரலாற்றில் என்னை மிகவும் நெகிழ வைத்த பகுதிக்கு வருகிறேன். பெண்டால் 1908இல் எழுதிய அதே பழைய திருவிதாங்கூர் மண்ணில், திருவனந்தபுரம் மாவட்டத்தில், 1996ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு தொடங்கியது. 13 ஊராட்சிப் பகுதிகளில் 35 வயதைக் கடந்த ஏறத்தாழ ஒரு லட்சத்து 90 ஆயிரம் பேர் அதில் சேர்ந்தார்கள். பாதிப் பகுதிகளில் பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். அவர்கள் மருத்துவர்கள் அல்லர். அவர்கள் செய்தது ஒன்றுதான். வாயைத் திறக்கச் சொல்லி, வெளிச்சத்தில் பார்த்தார்கள். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் அனுப்பினார்கள்.

டாக்டர் சங்கரநாராயணன் தலைமையிலான குழுவினர் 2005ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். புகையிலை அல்லது மது பழக்கம் உள்ளவர்களிடையே, பார்க்கப்பட்ட பகுதிகளில் வாய்ப்புற்று மரணம் 34 விழுக்காடு குறைந்திருந்தது. 15 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் 24 விழுக்காடு குறைவு நிலைத்திருந்தது. இயந்திரக் கையும் நுண்ணோக்கியும் இல்லாமல், பார்த்த பார்வை ஒன்றே இத்தனை உயிர்களைக் காத்திருக்கிறது.

மலேசியாவிலும் 1990களின் பிற்பகுதியிலிருந்து சுகாதார அமைச்சின் பல் மருத்துவப் பிரிவினர் தோட்டப்புறங்களுக்கும் பூர்வகுடி மக்களின் கிராமங்களுக்கும் சென்று வாய் பரிசோதித்து வந்திருக்கிறார்கள். சிங்கப்பூர் அரசாங்கம் குட்கா, கைனி, ஜர்தா போன்ற மெல்லும் புகையிலைப் பொருள்களை 2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதி முதல் தடை செய்தது. அரசாங்கங்கள் தங்கள் பங்கைச் செய்கின்றன. நம் பங்கு என்ன?

நாம் செய்ய வேண்டியது

நேயர்களே, நம் வீட்டில் வெற்றிலை பாக்கு போடும் அம்மா, பாட்டி, பெரியப்பா, மாமா யாராவது இருந்தால், இன்றே ஒரு டார்ச் லைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பல் செட்டுப் போட்டிருந்தால் கழற்றச் சொல்லுங்கள். இரு கன்னங்களின் உட்புறம், உதட்டின் உட்புறம், நாக்கின் ஓரங்கள், நாக்கின் அடிப்பகுதி, ஈறு, மேலண்ணம் எல்லாவற்றையும் பாருங்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, தடிப்பு, இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண், காரணமில்லாமல் ஆடும் பல், கழுத்தில் கட்டி, முன்போல் திறக்க முடியாத வாய், இவற்றில் எது இருந்தாலும் பல் மருத்துவரிடமோ காது, மூக்கு, தொண்டை நிபுணரிடமோ அழைத்துச் செல்லுங்கள். எல்லாத் திட்டும் புற்று அல்ல. ஆனால் எது புற்று என்று முடிவு செய்வது நம் வேலை அல்ல. சிறு துண்டு எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். கத்தி பட்டால் பரவிவிடும் என்ற பழைய பயத்தை விட்டுவிடுங்கள். தாமதம்தான் பரப்புகிறது.

பாட்டியின் சுருக்குப்பையைப் பிடுங்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. அறுபது ஆண்டுப் பழக்கம் ஒரே நாளில் போகாது. ஏசினால் மறைத்துப் போடுவார்கள். முதலில் புகையிலையை விடச் சொல்லுங்கள். பிறகு பாக்கைக் குறைத்து விடச் சொல்லுங்கள். இரவில் வாயில் அடக்கிக்கொண்டு தூங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். தாம்பூலத் தட்டு மங்கல நிகழ்ச்சிகளில் மரியாதையோடு இருக்கட்டும், அன்றாடம் கன்னத்துக்குள் போக வேண்டாம். இளையவர்கள் வண்ணப் பொட்டலத்தில் வரும் பாக்குத்தூளை விளையாட்டாகக்கூடத் தொட வேண்டாம்.

கால் எலும்பைத் தாடையாக்கும் அளவுக்கு மருத்துவம் வளர்ந்துவிட்டது. ஆனாலும் அந்த வளர்ச்சி நோயாளி வந்து சேரும் நாளுக்காகக் காத்திருக்கிறது. சீக்கிரம் வந்தவருக்குச் சிறு அறுவையோடு முடிகிறது. தாமதமாக வந்தவருக்கு எவ்வளவு பெரிய நிபுணராலும் பாதியைத்தான் மீட்டுக் கொடுக்க முடிகிறது.

என் அப்பாயியின் பாக்குவெட்டி இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவருடைய வெற்றிலைச் சிவப்புச் சிரிப்பு நினைவுக்கு வரும். அந்தச் சிரிப்புக்கு உள்ளே ஒருமுறை விளக்கடித்துப் பார்த்திருக்கலாமே என்ற எண்ணமும் கூடவே வரும். எனக்கு அந்த வாய்ப்பு போய்விட்டது. உங்களுக்கு இருக்கிறது. இன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு, "அம்மா, கொஞ்சம் வாயைத் திறங்க" என்று கேளுங்கள்.